பிரணிதானமும் ஆசானும்: யோகநூற் கருத்தொன்று பற்றிய மறுநோக்கு

பக்தி, சரணடைதல், ஆசான் ஆகிய மூன்றும் யோக மரபில் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதன என்று பொதுவாகக் கொள்ளப்பட்டு வருகின்றது. யோகம் பற்றித் தமிழில் வெளிவரும் சிறுநூல்களைப் புரட்டுவோர், குருவருளின்றி யோகம் கைகூடாது என்னும் எச்சரிக்கையை அவற்றின் முதற் பக்கங்களிலேயே காண்பர். மறுபுறத்தில், முற்போக்குச் சிந்தனையாளர் பலர் இம்மூன்றனையும் நிலவுடைமைக் கருத்தியலின் எச்சங்கள் என ஒருசேரத் தள்ளிவிடுவர். ஏற்போரும் மறுப்போரும் ஓரிடத்தில் மட்டும் உடன்படுகின்றனர். சரணடைதல் என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் தம்மை ஒப்புக்கொடுப்பதே என்பதில் இரு சாராருக்கும் ஐயமில்லை. இவ்வுடன்பாடுதான் எமக்கு ஐயத்தைத் தருகின்றது. மூலநூல் அவ்வாறு கூறவில்லை என்பதும், கூறாத ஒன்று எவ்வாறு அதன் தலையிற் சுமத்தப்பட்டது என்பதும் இங்கு நோக்கப்படும்.

இவ்வாய்வில் மாத்தளை மாவட்டத்தை நாம் மீண்டும் மீண்டும் தொட்டுச் செல்ல நேரும். யோகநூல் பிறந்த மண் அதுவன்று. எனினும் ஆசானின் வாயிலிருந்த போதனை ஏட்டுக்கு மாறியதாக மரபு குறிக்கும் அலுவிகாரை அங்கேதான் உள்ளது. பதஞ்சலியின் சூத்திரங்களை ஆங்கிலத்தில் விளக்கி மேலை நாடுகளுக்கு அறிமுகஞ் செய்த விவேகானந்தர், 1897ஆம் ஆண்டு சனவரியில் ஓர் இரவு தங்கிய ஊரும் அதுவே. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர் காட்டுவழியாக நடந்து மலைநாட்டிற் புகுந்த வாயிலும் அதுவே. சரணடைதல் என்னும் சொல்லின் மூன்று வேறு வரலாறுகள் ஒரே தெருவில் எதிர்ப்படுவதை வேறிடங்களில் இத்துணைத் தெளிவாகக் காணல் அரிது.

முதலில் நூலை நோக்குவோம். பதஞ்சலியின் யோகசூத்திரம் 195 சூத்திரங்களைக் கொண்டது. சில பதிப்புகளில் 196. இவற்றுள் குரு என்னும் சொல் வருவது ஒரேயோர் இடத்தில் மட்டுமே. முதற் பாதத்து இருபத்தாறாம் சூத்திரமே அவ்விடம். அங்கும் அச்சொல் மனித ஆசான் எவரையும் சுட்டவில்லை. காலத்தால் வரையறுக்கப்படாமையால் முன்னோர்க்கும் குருவாய் உள்ளவன் என்று ஈசுவரனையே சுட்டுகின்றது. அவ்வீசுவரன் யார் என்பதனை அதற்கு இரு சூத்திரம் முன்னரே நூல் வரையறுத்துவிடுகின்றது. துன்ப வேர்களாகிய கிலேசங்களும், வினையும், வினைப்பயனும், அவற்றின் வாசனையும் தீண்டாத தனிப்பட்ட புருடனே அவன். உலகைப் படைத்தவன் என்றோ, அழிப்பவன் என்றோ, பூசையை ஏற்பவன் என்றோ சூத்திரம் ஒன்றும் கூறவில்லை. வழிகாட்டும் தூய அறிவு என்ற அளவிலேயே அவனுக்கு அங்கு இடமுண்டு. இக்குருவுக்குச் சொந்த நலன் எதுவுமில்லை என்பதனை வியாசபாடியம் அழுத்திக் கூறும். உயிர்களுக்கு அருள்வதன்றி வேறு பயன் அவனுக்கில்லை.

ஈசுவரப் பிரணிதானம் அறிமுகமாகும் இருபத்து மூன்றாம் சூத்திரத்தின் இறுதியில் ஒரு சிறு இடைச்சொல் நிற்கின்றது. 'வா' என்னும் அவ்விடைச்சொல் தமிழில் அல்லது, ஆயினும், அன்றேல் எனப் பொருள்படும். அதாவது, பிரணிதானம் யோகத்திற்குரிய வழிகளுள் ஒன்று. அதுவே ஒரே வழியன்று. அதற்குச் சற்று முன்னர், இருபதாம் சூத்திரத்தில், சிரத்தை, வீரியம், நினைவு, சமாதி, அறிவு ஆகிய ஐந்தும் இன்னொரு வழியாகத் தரப்பட்டுள்ளன. பௌத்த நூல்களிற் பயின்றோர் இவ்வைந்தனையும் உடனே இனங்காண்பர். சத்தா, விரிய, சதி, சமாதி, பஞ்ஞா என்று பாளி மரபு கூறும் ஐந்து இந்திரியங்கள் இவையே. ஈசுவரனை ஏற்காத மரபினர்க்கும் உரிய முயற்சி வழியை முதலிற் கூறி, அதன் பின்னரே பிரணிதானத்தை மாற்றுவழியாகப் பதஞ்சலி வைக்கின்றார். உரைகாரர் பலர் இவ்விடைச்சொல்லை விரைந்து கடந்து செல்வதனை நாம் அவதானிக்கலாம். சரணாகதியைக் கட்டாயமாக்க விரும்புவோர்க்கு இது இடறுகல்லாகவே அமையும்.

பிரணிதானத்தைப் பக்தியின் ஒரு வகை என விளக்குவது சூத்திரமன்று, பாடியமே என்பதும் மனங்கொளத்தக்கது. இரண்டாம் பாதத்தின் தொடக்கத்தில் கிரியாயோகத்தின் ஓர் உறுப்பாகப் பிரணிதானம் மீண்டும் வரும்போது, எல்லாச் செயல்களையும் பரமகுருவிடத்தில் அர்ப்பணித்தல் என்றும், அன்றேல் அவற்றின் பயனைத் துறத்தல் என்றும் பாடியம் இரு பொருள் தரும். சூத்திரத்தையும் பாடியத்தையும் ஆக்கியவர் ஒருவரே என்றும், அவர் காலம் கி.பி. 400ஐ ஒட்டியது என்றும் அண்மைக்கால ஆய்வாளரான பிலிப் மாஸ் வாதிடுவர். அவ்வாதத்தை ஏற்பின், பக்தி என்னும் விளக்கம் நூலாசிரியருடையதே ஆகிவிடும். ஆயினும் எமது முடிபு அதனால் மாறுவதில்லை. பரமகுரு என்று பாடியம் கூறுமிடத்திலும் நாற்காலியில் அமர்த்தப்படுபவன் ஈசுவரனே. எதிரில் இருக்கும் ஆசானல்லன்.

தமிழில் இக்கருத்துத் திரிந்தமைக்கு மொழிபெயர்ப்பும் ஒரு காரணமாகும். பிரணிதானத்தைச் சரணாகதி என்று பெயர்க்கும் வழக்கு இன்று நிலைபெற்றுவிட்டது. சரணாகதியோ வைணவ ஆசாரியர் கையில் நுணுகி வளர்ந்த தனிக் கோட்பாடு. தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியின் முயற்சி வேண்டுமா, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியின் சும்மாவிருத்தல் போதுமா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டனர். பிள்ளை லோகாசாரியர் ஆசாரிய அபிமானத்தையே தனியோர் உபாயமாக வைத்தார். ஆசானின் அன்புக்கு உரியவனாதலே வீடுபேற்றுக்குப் போதும் என்னும் இந்நிலை, பதஞ்சலியின் நிலையிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது. இரண்டனையும் ஒரே சொல்லாற் குறிக்கும்போது வைணவ ஆசாரியனின் பீடம் யோகநூலுக்குள் ஓசையின்றி நுழைந்துவிடுகின்றது. பிரணிதானம் என்னும் சொல்லுக்குப் பௌத்தத்தில் உள்ள பொருளை அறிந்தால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். அங்கு அது உறுதிமொழி. போதிசத்துவர் தாம் அடையவிருக்கும் நிலைக்காக மேற்கொள்ளும் சங்கற்பம். மனத்தை ஒன்றின்மேல் முழுமையாக நிறுத்துதலே அச்சொல்லின் அடிப்பொருள். தம்மை இழத்தல் அதன் தவிர்க்கவியலாத பொருளன்று.

இனி அலுவிகாரைக்கு வருவோம். பௌத்த மரபிலும் போதனை நெடுங்காலம் ஆசானின் வாயிலேயே இருந்தது. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் குழுக்கள் பிடகப் பகுதிகளை மனனஞ்செய்து மாணாக்கர்க்கு வழங்கினர். வட்டகாமணி அபயனின் காலத்தில், அதாவது கிறித்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டில், மூன்று பிடகங்களும் உரைகளும் ஏட்டில் எழுதப்பட்டன என்று தீபவம்சமும் மகாவம்சமும் கூறும். அவ்விடம் மாத்தளைப் பகுதியிலுள்ள அலுவிகாரை என்று குறிப்பது பிற்காலத்து நூலாகிய நிகாய சங்கிரகய. இடம் பற்றிய செய்தி பிந்தியதாயினும், எழுதவேண்டி வந்தமைக்கான நெருக்கடி ஐயத்துக்கு இடமற்றது. போர், ஆட்சி மாற்றம், பெரும் பஞ்சம், விகாரைகளுக்கிடையே தோன்றிய பிளவு ஆகியன ஒருசேர வந்தன. ஆசான் இறந்தால் நூலும் இறக்கும் என்னும் நிலையில் ஏடு வந்தது. (தமிழர் படையெடுப்பையே தனிக் காரணமாகக் காட்டுவோர் பஞ்சத்தை மறந்துவிடுகின்றனர். அது வேறொரு கட்டுரைக்குரியது.)

அந்த நெருக்கடிக் காலத்தைப் பற்றி விநய உரையாகிய சமந்தபாசாதிகை ஒரு நிகழ்ச்சியைப் பதிவுசெய்துள்ளது. யோக தத்துவம் பற்றிய எழுத்துகளில் அது எடுத்தாளப்பட்டதாக நாம் கண்டதில்லை. மகாநித்தேசம் என்னும் நூல் அக்காலத்தில் ஒரேயொரு பிக்குவுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவரோ ஒழுக்கங் கெட்டவர். அவரிடம் சென்று கற்குமாறு மகாதிபிடக தேரர் மகாரக்கித தேரரைக் கேட்டுக்கொண்டார். தீயொழுக்கத்தாரிடம் தாம் கல்லேன் என மகாரக்கிதர் மறுத்தார். நானும் உடன் வந்து அருகில் அமர்ந்திருப்பேன் என்று முதியவர் வாக்களித்த பின்னரே அவர் இணங்கினார். இரவும் பகலுமாகப் பாடம் நடந்தது. இறுதி நாளில் அந்த ஆசிரியரின் கட்டிலுக்கடியில் ஒரு பெண் இருப்பதை மகாரக்கிதர் கண்டார். முன்னமே நேரில் அறிந்திருந்தால் இத்தகையவரிடம் கற்றிருக்கமாட்டேன் என்றார். ஆயினும் நூல் பிழைத்துக்கொண்டது. பின்னர் அவரிடம் தேரர் பலர் கற்று அதனை நிலைநிறுத்தினர்.

இக்கதையை உரைகாரர் மறைக்காமல் எழுதிவைத்தமை பாராட்டுக்குரியது. இதிலிருந்து எமக்குப் புலப்படுவன இரண்டு. ஆசானின் ஒழுக்கமும் அவரிடமுள்ள போதனையும் வேறாக்கப்படக்கூடியன என்பது ஒன்று. வேறாக்கப்படும்போது மாணாக்கர் கற்கிறாரேயன்றிச் சரணடைவதில்லை என்பது மற்றொன்று. மகாரக்கிதர் அந்த ஆசிரியரை வணங்கவுமில்லை, நம்பவுமில்லை; ஆனால் ஒரு சொல்லும் பிசகாமற் கற்றார். அவருக்குப் பாதுகாப்பாக அமைந்தது ஆசானின் தூய்மையன்று. அருகில் அமர்ந்திருந்த இன்னொருவரின் கண். ஆசான் தன் மூடிய கையில் எதனையும் ஒளித்துவைத்திருப்பதில்லை என்னும் புத்தர் போதனை ஏட்டிலேறியபோது, அதற்கொரு பௌதிக உருவம் கிடைத்தது எனலாம். ஏடு எவர் கையிலும் போகும்.

விவேகானந்தரின் நிலை இதற்கு எதிர்முனையில் உள்ளது. 1896இல் வெளிவந்த அவரது இராசயோகம் பதஞ்சலியின் சூத்திரங்களை விளக்கத்தோடு தந்த நூல். அக்காலத்தையொட்டி எழுந்ததே பக்தியோகமும். பக்தியோகத்தில் ஆசானுக்குரிய தகுதிகளாக அவர் மூன்றனைக் கூறுவர். மறைநூலின் உட்பொருளை அறிந்திருத்தல் வேண்டும், பாவமற்றவராயிருத்தல் வேண்டும், பொருளும் புகழும் கருதாது அன்பு ஒன்றினாலேயே கற்பித்தல் வேண்டும். பௌதிகம் கற்பிப்பவர் எவ்வொழுக்கத்தவராயினும் கேடில்லை. ஆன்மிகம் கற்பிப்பவர் தூயராகாவிடின் அவரிடமிருந்து ஒளி வராது என்பது அவர் வாதம். மகாரக்கிதரின் ஆசிரியரை விவேகானந்தர் முதற் படியிலேயே விலக்கியிருப்பார்.

இராசயோகத்திலோ குரல் வேறாக ஒலிக்கின்றது. மறைபொருள், இரகசியம் என்பவற்றை யோகத்திலிருந்து அகற்றிவிடுக என்றும், தானே சோதித்து அறியாத எதனையும் நம்பவேண்டியதில்லை என்றும் அந்நூல் வற்புறுத்தும். ஆயின் அதன் முன்னுரை, யோகத்தை ஆசானின் நேரடித் தொடர்பின்றிக் கற்பது பெரும்பாலும் பாதுகாப்பற்றது எனவும் கூறும். இம்முரண்பாட்டை விவேகானந்தரின் குறையென்று கூறி நாம் அமைந்துவிடல் தகாது. அவர் வாழ்க்கையே அம்முரண்பாட்டின் வழியாகச் சென்றது. இராமகிருட்டிணரை ஆண்டுக் கணக்கிற் சோதித்து, ஐயுற்று, வாதிட்ட பின்னரே அவர் தம்மை ஒப்புவித்தார். சோதனை முதலிலும் சரணடைதல் பின்னரும் என்பது அவருடைய அனுபவ வரிசை. அவர் பெயரால் எழுந்த பல பிற்கால எழுத்துகள் இவ்வரிசையின் முற்பகுதியை வெட்டிவிட்டுப் பிற்பகுதியை மட்டும் போதிக்கின்றன.

1897 சனவரி 19ஆம் நாள் கண்டியில் வரவேற்பு முடிந்ததும் அன்று மாலையே அவர் மாத்தளையை அடைந்தார். கண்டி-மாத்தளை இருப்புப்பாதை 1880இல் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு வடக்கே புகைவண்டி இல்லை. மறுநாட் காலையில் குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் நோக்கி ஏறத்தாழ இருநூறு மைல் பயணம் தொடங்கியது. தம்புள்ளைக்கு அப்பாற் சில மைல் தொலைவில், ஓர் இறக்கத்தில், வண்டியின் முன்சக்கரம் நொறுங்கிற்று. மூன்று மணி நேரம் வழியோரத்தில் காத்திருந்து, பின்னர் மாட்டுவண்டியில் மெல்ல நகர்ந்து, பல மணி தாமதமாக அனுராதபுரம் சேர்ந்தனர். அங்கே அவர் வழிபாடு பற்றிப் பேசத் தொடங்கியபோது, பௌத்தர் கூட்டமொன்று பறையும் மணியும் முழக்கிப் பேச்சைக் குழப்பிற்று. எதிர்த்து எழவிருந்த இந்துக்களைப் பொறுமை காக்குமாறு அவர் கேட்டுக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் வேதாந்தம் பற்றி உரையாற்றிவிட்டுச் சனவரி 26இல் பாம்பனில் இறங்கினார். பயண வரலாற்றை எழுதியோர் மாத்தளைச் சாலையின் இயற்கையழகை வியந்து பாடுவர். அச்சாலையின் மறுவரலாறு அவர்தம் கண்ணிற் படவில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழ்ச் சைவ மரபு இவ்விரு முனைகளுக்கும் இடையே எங்கு நிற்கின்றது என்பதே முற்போக்குத் திறனாய்வாளர்க்குக் கடினமான வினா. பேராசிரியர் க. கைலாசபதி 1966இல் வெளிவந்த பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும் என்னும் நூலில், பேரரசும் பெருந்தத்துவமும் என்ற கட்டுரையிற் சைவசித்தாந்தத்தின் எழுச்சியைச் சோழப் பேரரசின் அமைப்போடு இயைத்து விளக்கினார். ஆண்டான் அடிமை என்னும் உறவு சமூகத்தில் இறுகிய காலத்திலேயே அது தத்துவத்திலும் இறுகியது என்னும் அவ்விளக்கத்தின் அடிப்படையை நாமும் ஏற்கின்றோம். ஈழத்துத் தமிழாய்வில் அது திறந்துவிட்ட கதவு சிறிதன்று. ஆயினும் அவ்விளக்கத்துள் அடங்காத எச்சங்கள் உள்ளன. சந்தானாசாரியர் நால்வரின் வரலாறுகளே அவை.

மெய்கண்டார் இளையர், அருணந்தியோ முதியர், சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவர், மெய்கண்டாரின் குடும்பத்துக்குக் குலகுரு. அந்தக் குலகுரு தன் வீட்டுச் சிறுவனிடம் மாணாக்கராக அமர்ந்தார் என்று மரபு கூறும். ஆணவத்தின் வடிவம் யாது என வினவியவரைச் சிறுவன் வாய் திறவாமல் அடிமுதல் முடிவரை நோக்கினான். வினவியவர் விடையை உணர்ந்தார். உமாபதி சிவாசாரியரின் கதை இதனினும் கூர்மையானது. தில்லையில் அந்தணராய், பல்லக்கும் பகற்பந்தமும் பெற்ற பெருமகனாய் வாழ்ந்தவர், தெருவிற் கேலி பேசிய மறைஞானசம்பந்தரின் பின்னாற் பல்லக்கைவிட்டு இறங்கி நடந்தார். நெசவுத் தொழிலாளர் வார்த்த கூழைக் குரு அருந்தியபோது அவர் முழங்கைவழி ஒழுகியதைத் தாமும் ஏந்திப் பருகினார். தில்லைவாழ் அந்தணர் அவரை விலக்கிவைத்தனர்.

இவை வரலாறா புனைவா என்பது இங்கு முதன்மையன்று. மரபு தன் ஆசாரியர்களைப் பற்றி இவ்வாறு நினைவுகொள்ள விரும்பியது என்பதே முதன்மையானது. இங்கே சரணடைதல் ஒருவனைச் சமூகப் படிநிலையில் கீழிறக்குகின்றது. வயதும் கல்வியும் சாதியும் அவனுக்கு அளித்திருந்த பிடிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. சரணடைந்தவன் இழந்தது தன் அறிவையன்று, தன் பதவியையே. சோழப் பேரரசின் ஆண்டான்-அடிமை உறவோடு இதனை எளிதிற் சமன்படுத்த இயலாது. அவ்வுறவில் அடிமையே மேலும் அடிமையாவான். இங்கோ ஆண்டான் கூழ் பருகுகின்றான்.

பின்னர் நிகழ்ந்ததையும் கூறாது விடின் எமது கூற்று ஒருபக்கச் சார்பாகிவிடும். சந்தானம் மடமாயிற்று, மடத்துக்கு நிலம் சேர்ந்தது. திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் குருபரம்பரை என்பது சொத்துரிமைப் பரம்பரையாகவும் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் உமாபதியாரின் குருபூசையைத் தவறாது நடத்திய சமூகம், தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயிற் கதவை அடைத்தே வைத்திருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் போராடவேண்டி இருந்தது. கூழ் பருகிய கதையைப் படித்தவர்களே வாயிலை மறித்து நின்றனர். குருபக்தி என்பது குரு செய்ததைச் செய்வதன்று, குருவைப் பூசித்துவிட்டு அவர் செய்ததிலிருந்து விடுபடுவது என்றாகிவிட்ட நிலையினை இதனினும் தெளிவாகக் காட்ட வேறு சான்று வேண்டுவதில்லை. அதே யாழ்ப்பாணத்தில், நல்லூர்த் தேரடியில் பித்தரெனப் பெயரெடுத்த செல்லப்பா சுவாமி தம்மை அண்டியோரை ஏசித் துரத்தியவாறு இருந்தார் என்பதையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். அவரிடமே யோகர் சுவாமி (1872-1964) மாணாக்கரானார். பூசைக்கு இடங்கொடாத ஆசான் ஒருவகைப் பாதுகாப்பே.

இப்போது மாத்தளைச் சாலைக்குத் திரும்புவோம். விவேகானந்தர் வடக்கே சென்ற அச்சாலை வழியாகத்தான் எதிர்த்திசையில் கோப்பித் தோட்டங்களுக்கான தொழிலாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை ஆகிய இடங்களைக் கடந்து மாத்தளையை அடைந்து, அங்கிருந்து மலைத்தோட்டங்களுக்குப் பிரிந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைத் தின்றன. அவர்களை அழைத்து வந்தவன் கங்காணி. அவனே முன்பணம் கொடுத்தவன், கணக்கு வைத்தவன், தோட்டத்தில் துரைக்கும் அவர்களுக்கும் இடையில் நின்றவன், பெரும்பாலும் தோட்டக் கோயிலில் முதல் மரியாதை பெற்றவனும் அவனே. கடன் தொகை எழுதிய துண்டுச் சீட்டோடு தொழிலாளரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றும் துண்டுமுறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. கங்காணியைக் குறிக்கத் தந்தை, காப்பவன், வழிகாட்டி என்று வழங்கிய சொற்கள் அனைத்தும் குருவைக் குறிக்க வழங்குஞ் சொற்களே. சொல் ஒன்றாயிருத்தல் தற்செயலன்று. எழுத்தறிவும் வழியறிவும் ஒருவனிடமே குவிந்து, ஏனையோர்க்கு வேறு கதியற்றுப் போகும் இடத்தில், தஞ்சம் புகுதல் தத்துவமாகவன்றித் தேவையாகவே நிகழ்கின்றது. அங்கே 'வா' என்னும் இடைச்சொல்லுக்கு இடமில்லை.

ஆயின் அம்மக்கள் கங்காணியிடம் அகத்தாலும் சரணடைந்தனரா? சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களைப் படிப்போர் இவ்வினாவுக்கு எளிதில் ஆமென்று கூறார். அப்பாடல்களிற் கங்காணி ஏளனத்துக்கும் வசைக்கும் உரியவனாகவே மிகுதியும் வருகின்றான். மன்றாட்டு அம்மனுக்கே செல்கின்றது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் இவ்வழிபாட்டின் பெரும் நிலைக்களம். மரத்தடி வழிபாடாகத் தொடங்கி, 1874இல் கோயிலாக எழுந்து, மாசிமகத்தில் ஐந்து தேர்கள் ஓடும் பெருங்கோயிலாக அது வளர்ந்தது. 1983 யூலை வன்செயலிற் சேதமுற்று மீண்டெழுந்தது. அக்கோயிலுக்குக் காவடியும் தீச்சட்டியும் பாற்குடமும் எடுத்துவரும் தோட்டத் தொழிலாளர்க்கும் அம்மனுக்கும் இடையில் ஆசானென ஒருவர் இல்லை. பூசாரி உண்டு, பின்னாளில் ஆகமம் கற்ற குருக்களும் உண்டு. அவர்கள் கிரியையை நடத்துவோரேயன்றி, எவருடைய உள்ளத்தையும் தம்மிடம் ஒப்புக்கொடுக்கக் கேட்போரல்லர்.

அங்கே நிகழ்வது நேர்த்தி. பிள்ளைக்கு நோய் தீர்ந்தால் தீ மிதிப்பேன், கடன் தீர்ந்தால் காவடி எடுப்பேன் என்று தாமே வகுத்து, தாமே நிறைவேற்றும் உறுதிமொழி அது. தத்துவ நூலோர் இதனைத் தாழ்ந்த பக்தி, பேரம் பேசும் பக்தி என்பர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பிரணிதானம் என்னும் சொல்லுக்குப் பௌத்தம் கொண்ட சங்கற்பப் பொருளோடு இது நெருங்கி நிற்பதனை நாம் காண்கின்றோம். மனம் ஒன்றன்மேல் முழுமையாக நிறுத்தப்படுகின்றது, உடல் நோன்பினால் ஒடுக்கப்படுகின்றது, எவரும் ஆண்டானாவதில்லை. உலகியற் பயன் கேட்கப்படுவதால் அது பதஞ்சலியின் யோகமாகாது என்பது உண்மையே. பயனைத் துறத்தல் என்னும் பாடியக் கருத்து இங்கு இல்லை. ஆனால் நாட்கூலியை நம்பி வாழ்வோரிடம் பயனைத் துறக்கச் சொல்வதற்கு உரிமையுள்ளவர் யார் என்னும் வினாவும் உடன் எழும். அருள் வந்து ஆடுவோர் அந்நேரத்தில் ஊர்ப் பெரியவரையும் ஏசும் உரிமை பெறுவர். குருவின் முன்னிலையில் மாணாக்கர் அவ்வுரிமையைப் பெறுவதனை எந்நூலும் கூறவில்லை.

அண்மைக் காலத்தில் குருமார் உலகச் சந்தைக்கு வந்தமை பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. 1950களில் கண்டியில் தபோவனம் நடத்திய சச்சிதானந்த சுவாமிகள், 1969 ஆகத்தில் அமெரிக்காவின் வுட்சுடொக் இசைவிழாவைத் தொடக்கிவைத்தார். மலைநாட்டிலிருந்து அம்மேடை வரையிலான தூரத்தைக் கடந்தது யோகம் மட்டுமன்று. குருவின் உருவமும் உடன் கடந்தது. ஆசனமும் பிராணாயாமமும் நூலிலும் திரையிலும் கிடைக்கத் தொடங்கிய பின்னர், கற்பிப்பதற்கு ஆசான் இன்றியமையாதவர் என்னும் வாதம் நலிந்தது. அது நலிய நலிய, கற்பிப்பவர் என்னும் நிலையிலிருந்து பூசிக்கப்படுபவர் என்னும் நிலைக்கு ஆசானின் உருவம் உயர்த்தப்பட்டது. பல நாடுகளிலும் ஆச்சிரமங்களின் உள்ளே நிகழ்ந்த அத்துமீறல்கள் வெளிவந்தபோது, சீடர் பலர் முதலிற் கூறியது ஒன்றே: குருவைச் சோதித்தல் பாவமென்று தமக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது என்பதே அது. மகாரக்கிதர் முதல் நாளிலேயே சோதிக்க விரும்பினார். விவேகானந்தர் ஆண்டுக் கணக்கிற் சோதித்தார். சோதனையைப் பாவமாக்கியது யோகநூலன்று.

ஆசானே வேண்டாம் என்று முடிப்பது எமது கருத்தன்று. மூச்சையும் மனத்தையும் பற்றிய பயிற்சிகளில் நேரே பார்த்துத் திருத்துவாரின் தேவை உண்மையானது. இராசயோக முன்னுரையின் எச்சரிக்கை வெறுங்கூற்றன்று. ஏடு எல்லாவற்றையும் கற்பித்துவிடாது என்பதனை ஏட்டிலெழுதிய தேரர்களும் அறிந்திருந்தனர். எழுதிய பின்னரும் ஓதும் மரபைத் தொடர்ந்தனர். மகாதிபிடக தேரர் அங்கு ஏற்ற பணியோ எந்த யோகநூலிலும் பெயரின்றி நிற்கின்றது. அவர் கற்பிக்கவில்லை, வணக்கம் பெறவுமில்லை. இன்னொருவர் கற்றுமுடியும்வரை, இரவும் பகலும், அந்த அறையில் உடன் அமர்ந்திருந்தார்.